பத்தொன்பது திருத்தங்கள்

நான் முதன்முதலில் வெட்டியது ரயில் சத்தத்தைத்தான்.

கொரட்டூர் ஸ்டேஷனுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் ஃபிளாட், மூன்றாம் மாடி. மின்சார ரயில் வந்து நின்று கிளம்புவதைப் பொறுத்துக்கொள்ளலாம். நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ்கள்தான் தெருவையே எழுப்புகிற மாதிரி ஹாரனை அடித்துக்கொண்டு போகும். படுக்கையறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பாடம் பதிவு செய்துகொண்டிருப்பேன். பாதி வாக்கியத்தில் ரயில் வரும். வாயை மூடிக்கொண்டு காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். பிறகு ரயில் போன இடங்களை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டிவிடுவேன். பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இதில் தவறு இருப்பதாக யாரும் சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

என் பெயர் இருதயராஜ். வயது நாற்பத்திரண்டு. இணையப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற பகுதி இருக்கிறதே, பட்டன், மெனு, படம் எல்லாம், அவற்றைக் கோடிங் எழுதி உருவாக்கச் சொல்லித்தருகிறேன். நேரில் அல்ல, வீடியோவில். என் கணினித் திரையை அப்படியே பதிவு செய்வேன். நான் தட்டத் தட்ட வரிகள் விழும், பின்னால் என் குரல் கேட்கும், முகம் வராது. என்ன பேசுவதானாலும் முன்கூட்டியே எழுதிவைத்துப் படிப்பது என் வழக்கம். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பதிவு செய்து என் சேனலில் போடுவேன். என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்ட நீங்கள் எல்லோரும் கேட்கவேண்டும். முக்கியமாக ஒருவர் கேட்கவேண்டும்.

ரயிலுக்கு அடுத்து நான் வெட்டியது இருமலை. அதற்கு அடுத்து, தப்பை.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு அடைப்புக்குறியை மூட மறந்தால் போதும், பக்கம் வெள்ளையாக நிற்கும். எங்கே தப்பு என்று தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும். நானும் அப்படித்தான் தேடுவேன். ஆனால் தேடுவதைக் காட்டமாட்டேன். பதிவை ஓடவிட்டபடியே தேடி, சரிசெய்து, பக்கம் ஓடியதும் மறுபடி பேச ஆரம்பிப்பேன். நடுவில் இருந்ததை வெட்டிவிடுவேன்.

ஏன் என்று கேட்டால் ஒரு காரணம் சொல்லமுடியும். சாக்கு என்று எடுத்துக்கொண்டாலும் சரி. பதினைந்து வருடம் முன்பு திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஐ.டி. வேலைக்கென்று இங்கே வந்தவன் நான். ஏழு வருடம் ஒரு கம்பெனியில் இருந்தேன். ஒருநாள் பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் திரையை அவர்களுக்குக் காட்டியபடி ஒரு சின்னக் கோளாறைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. முடியவில்லை. நாற்பது நிமிடம் என் கர்சர் அங்குமிங்கும் அலைவதைப் பதினோரு பேரும் பார்த்தார்கள். மைக்கை அணைக்க மறந்த யாரோ ஒருவர் மெல்லச் சிரித்தார். பிற்பாடு பார்த்தால் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் வேலையை விட்டேன். விட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், என் மனைவியிடம்கூட. விடச் சொன்னார்கள் என்பதே சரி.

அதனால் என் வீடியோவில் நான் தடுமாறவே மாட்டேன். எழுதினால் ஓடும். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஒரு தப்புகூடப் பண்ணாமல் எப்படி சார் என்று கீழே எழுதுவார்கள். பழக்கம்தான் என்று பதில் போடுவேன். கொஞ்ச நாளில் ஒவ்வொரு பாடத்தின் ஆரம்பத்திலும் ஒரு வரி சொல்லத் தொடங்கினேன். உங்களுக்கெல்லாம் மனப்பாடமாக இருக்கும். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, ஒரே மூச்சில். அதைச் சொல்லும்போது எனக்கு நாக்கு கூசியதே இல்லை. ஆறாவது, ஏழாவது பாடத்தோடு சிலர் நின்றுவிடுவார்கள். எனக்கு இதெல்லாம் வராது சார், மன்னியுங்கள் என்று சிலர் கடிதம் போட்டுவிட்டே போவார்கள். அவர்களுக்கு நிஜமாகவே வராது என்று நானும் நம்பினேன்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், ஒரு செல்போன் கடைக்கு மேலே பயிற்சி மையம் வைத்திருந்தவர் கஜபதி. என் பாடங்களை அவர் மையத்துக்கென்று வாங்கிக்கொண்டார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கம்பெனிகள் மூடியும் இடம் மாறியும் வேலை போன பெண்களுக்காக ஒரு வகுப்பு ஆரம்பித்தார். வாரம் முழுக்க அவர்கள் என் வீடியோவைப் பார்த்துப் பழகுவார்கள், சனிக்கிழமை காலையில் நான் போய்ச் சந்தேகம் தீர்ப்பேன். வனஜாவை அங்கேதான் முதலில் பார்த்தேன்.

முப்பத்தைந்து வயது இருக்கும். அயனம்பாக்கத்தில் வீடு. கணவர் செல்வகுமார், ஓ.டி.க்கும் ஆவடிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வனஜா பதினோரு வருடம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தார். தைத்து வருகிற சட்டையை விளக்குக்கு அடியில் விரித்து, எந்தத் தையல் விட்டிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை. முதல் மாதம் ஒற்றை விரலால்தான் தட்டினார். நான் அவரைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை, மற்றவர்கள் போனபிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். கட்டம் போட்டு எழுதியிருந்தார். பாடத்தின் எண், வீடியோவின் நீளம், அதற்குப் பக்கத்தில் இரண்டு நேரங்கள். என் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கும். எல்லோர் கணினியிலும் இருப்பதுதான், யாரும் அதைப் பார்ப்பதில்லை. இவர் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு பாடமும் தொடங்கும்போது அது காட்டிய நேரம், முடியும்போது காட்டிய நேரம், எல்லாவற்றையும் குறித்திருக்கிறார்.

“இருவத்தி ரெண்டாம் பாடம் பதினெட்டு நிமிசம் சார். கடியாரத்துல மூணு மணி நேரம் ஓடிக்கீது.”

பிடிபட்டுவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் குற்றச்சாட்டே இல்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், மலர்ந்திருந்தது. அந்தப் பாடத்தில் பக்கத்தின் மெனு, போனில் பார்த்தால் மடங்கிக்கொள்ள வேண்டும். வகுப்பில் ஒருவருக்கும் மடங்கவில்லை. காரணம் என்னவென்றால், பக்கத்தின் தலையில் ஒரு வரி எழுதவேண்டும். அதை எழுதாவிட்டால் போன் தன்னைப் பெரிய திரை என்றே நினைத்துக்கொள்ளும். பதிவின்போது எனக்கே அது மறந்துபோய் மூன்று மணி நேரம் தேடியிருந்தேன். கண்டுபிடித்து அந்த வரியை எழுதியதையும் சேர்த்து வெட்டிவிட்டேன். ஆக, என்னைப் பார்த்து அப்படியே எழுதுகிறவர்களுக்கு அது ஓடவே ஓடாது. வனஜா என் வீடியோவை ஆரம்பத்தில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை நிறுத்தி, இரண்டையும் இரண்டு சட்டையை வைத்துப் பார்க்கிற மாதிரி வரிவரியாக ஒப்பிட்டு, அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்திருந்தார். மூன்று நாள் ஆயிற்றாம்.

“நான் மக்குன்னு நெனச்சிகினு இருந்தேன் சார். உங்களுக்கே மூணு மணி நேரம்னா எனக்கு மூணு நாள் ஆவறதுல இன்னா தப்பு? அந்த மூணு மணி நேரத்த ஏன் சார் காட்டல? அதானே பாடம்?”

கடிகாரத்தில் ஏதோ கோளாறு என்று சொன்னேன். சரி சார் என்றார். அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகத் திரையில் கடிகாரம் தெரியாதபடி மறைத்தேன். அதற்குப் பிறகு வந்த பாடங்களில் அது இருக்காது. யாரும் கேட்டதில்லை.

அதன்பின் சனிக்கிழமைகளில் எனக்கு வேலை குறைந்தது. பெண்கள் சந்தேகத்தை வனஜாவிடம் கேட்டுத் தீர்த்துக்கொண்டார்கள். ஏன் ஓடவில்லை என்பதை அவர் சொல்லித்தருகிற விதம் வேறு. முதலில் தப்பைத் தொடவே மாட்டார். “இன்னா பண்ணணும்னு நெனச்ச, இன்னா பண்ணிக்கீது, ரெண்டையும் சொல்லு” என்பார். சொல்லும்போதே அந்தப் பெண்ணுக்குப் பாதி விளங்கிவிடும். நான் நாற்காலியில் உட்கார்ந்து என் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆறு வருடமாக நான் செய்துவந்த வேலை எது, அதை எப்படிச் செய்யவேண்டும் என்பதை ஒற்றை விரலில் ஆரம்பித்த ஒருவரிடமிருந்து தெரிந்துகொண்டேன். அது எனக்குச் சந்தோஷமாக இருக்கவில்லை.

கஜபதி கண்ணில் படாமல் இருக்குமா. பெண்களுக்கென்று புதிதாக ஒரு பாடத்தொடர் வரப்போகிறது, பெங்களூரில் ஒரு நிறுவனம் செய்யச்சொல்லிக் கேட்கிறது, அதை வனஜா நடத்தினால் என்ன என்றார். நல்ல யோசனை என்றேன். மாதிரிக்கு ஒரு பாடம் பதிவு செய்து அனுப்பவேண்டும், மூன்று பேர் பார்த்து முடிவு செய்வார்கள். வனஜாவுக்கு எடிட்டிங் தெரியாது. நீங்கள் கூட இருந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடமே ஒப்படைத்தார்.

வனஜா நாலு ஞாயிற்றுக்கிழமை மையத்துக்கு வந்து, மையத்தின் லேப்டாப்பில் பதிவு செய்தார். மொத்தம் ஆறு மணி நேரம். எழுதும்போது பக்கத்தில் நோட்டு வைத்துக் குறித்துக்கொள்ளப் பார்த்தார். பக்கம் திருப்புகிற சத்தம் மைக்கில் விழும், நோட்டு வேண்டாம், பதிவுதான் இருக்கிறதே என்று நான்தான் சொன்னேன். அப்போது நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். பென் டிரைவை என் கையில் கொடுத்தபோது அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“எது வேணும் எது வாணாம்னு உங்களுக்குத்தான் சார் தெரியும். நீங்க வெட்டுங்க.”

வீட்டில் உட்கார்ந்து ஆறு மணி நேரத்தையும் பார்த்தேன். ஒரு துணிக்கடைக்கான பக்கம். பத்தொன்பது இடத்தில் மாட்டிக்கொள்கிறார். பத்தொன்பது இடத்திலும் பதறாமல், வாய்விட்டு யோசித்து, தன்னைத்தானே கேள்வி கேட்டு, சரிசெய்கிறார். ஓரிடத்தில் சரியானதும் மெல்லச் சிரிக்கிறார், அவ்வளவுதான். அதைப்போல ஒரு பாடத்தை நான் பார்த்ததில்லை. கம்பெனியில் அந்தப் பதினோரு பேருக்கு நடுவே நான் உட்கார்ந்திருந்தபோது இப்படி ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. இதை நான் மிகைப்படுத்தவில்லை.

பிறகு வெட்ட ஆரம்பித்தேன். மூன்று நாள் ஆனது. பத்தொன்பது தப்புகளையும் வைத்துக்கொண்டேன். பத்தொன்பது திருத்தங்களையும் எடுத்துவிட்டேன். தப்பு வருகிறது, அவர் தடுமாறுகிறார், அடுத்த காட்சியில் வேறொரு தப்பு. கடைசியில் பக்கம் முழுசாக ஓடிய இடத்தையும் எடுத்துவிட்டேன். ஐம்பது நிமிடத்துக்கு வந்தது. நான் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவில்லை என்பதை இங்கே சொல்லவேண்டும். அதில் இருந்ததெல்லாம் வனஜா நிஜமாகச் செய்ததுதான்.

அந்த மூன்று பேரும் பெங்களூரிலிருந்து திரையில் வந்தார்கள். மையத்தின் பெரிய அறையில் கஜபதி, வனஜா, நான். வனஜா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். வீடியோவை ஓடவிட்டார்கள். வெட்டியதை அவரும் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். பத்து நிமிடத்தில் முகத்தில் ஈயாடவில்லை. அரை மணி நேரத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அடிப்படையே இன்னும் வரவில்லை போலிருக்கிறதே என்று அதில் ஒரு அம்மா மரியாதையாகத்தான் சொன்னார். கஜபதி என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் லேசாக ஆட்டினேன், வருத்தத்தோடு.

வெளியே படிக்கட்டில் இறங்கும்போது வனஜா என்னிடம் கேட்டார்.

“நான் சரி பண்ணேன்னு நெனச்சிகினு இருந்தேனே சார். அதெல்லாம் எங்க?”

வழியில் யாரோ வந்தார்கள், ஒதுங்கி நின்றோம், அப்படியே பேச்சு நின்றுவிட்டது. பதினோரு வருடம் விளக்குக்கு அடியில் என்ன தெரிகிறதோ அதை மட்டும் நம்பி வேலை பார்த்தவர். தன் ஞாபகமா, கண்ணெதிரே ஓடிய பதிவா என்றால், பதிவைத்தான் நம்புவார். இதையும் நான் யோசித்துத்தான் வெட்டினேனா என்று கேட்காதீர்கள். யோசித்தேன் என்றுதான் சொல்லவேண்டியிருக்கும்.

அதற்கடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அந்த அணியின் வகுப்பு முடிந்ததும் லேப்டாப்புகளில் இருந்ததையெல்லாம் அழித்து அடுத்த அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் எழுதிய ஃபைலும் அசல் பதிவும் அதோடு போயின. அந்த ஆறு மணி நேரத்துக்கு ஒரே பிரதி என் மேஜை இழுப்பறையில் இருக்கும் பென் டிரைவ்தான்.

நான் பூசை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். அந்த மாதம் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டேன். ஒருவர்மேல் பொறாமைப்பட்டேன் சாமி என்று சொன்னேன். பொறாமைப்பட்டு என்ன செய்தேன் என்று சொல்லவில்லை. பாதிரியாரும் கேட்கவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார், சொன்னேன். அங்கேயும் நான் வெட்டித்தான் சொல்லியிருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதுதான் உறைத்தது.

இப்போது சொல்லப்போவது உங்களில் பலருக்குச் சங்கடமாக இருக்கும். போன வருடம் என் சேனலில் ‘தப்போடு ஒரு பாடம்’ என்று ஒரு தொடர் போட்டேன். ஒரு துணிக்கடைக்கான பக்கம். பத்தொன்பது இடத்தில் மாட்டிக்கொள்வேன், யோசிப்பேன், சரிசெய்வேன். நான் இதுவரை போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதைத்தான். இவ்வளவு உண்மையாக ஒரு ஆசிரியரைப் பார்த்ததில்லை என்று எழுதினீர்கள். விட்டுப்போன சிலர் அதைப் பார்த்துத் திரும்பி வந்தீர்கள். பென் டிரைவைப் பக்கத்துத் திரையில் ஓடவிட்டு, அவர் எங்கே நின்றாரோ அங்கே நின்று, அவர் என்ன கேட்டுக்கொண்டாரோ அதையே என் தமிழில் கேட்டுக்கொண்டு பதிவு செய்தேன். ஒவ்வொரு தப்பையும் ஒத்திகை பார்த்தேன். ஓரிடத்தில் மெல்லச் சிரித்தேனே, அதுவும் அவருடையதுதான். எல்லாம் பதிவு செய்து முடித்தபிறகு ஒரு வாரம் கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்யப் பிடிக்கவில்லை. வெட்கம் என்றால் உடம்பில் எங்கே இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குக் கழுத்தின் பின்பக்கம்.

இரண்டு மாதம் முன்பு ஓ.டி.யில் ஷேர் ஆட்டோ ஏறினேன். ஓட்டுகிறவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். திருமுல்லைவாயிலில் மற்றவர்கள் இறங்கியதும் ஓரம்கட்டி நிறுத்தினார். செல்வகுமார். மையத்தில் ஓரிரு முறை வனஜாவைக் கொண்டுவிட வந்தபோது பார்த்திருக்கிறேன். வனஜா இப்போது நசரத்பேட்டைப் பக்கம் ஒரு குடோனில் பேக்கிங்கில் இருப்பதாகவும், போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ் என்றும் சொன்னார். தவணையில் ஒரு கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுத்தாராம். தொடவே இல்லையாம்.

“துணி போட்டு மூடி வெச்சிகீது சார். கேட்டா, எனக்கு வராது, வந்த மாரி நானே நெனச்சிகினேன்னு சொல்லுது. ஆனா உங்க புது வீடியோ அத்தினியும் போன்ல பாக்குது. நீங்க ஊட்டாண்ட வந்து ஒரு வார்த்த சொன்னா கேக்கும் சார். உங்க மேல அவ்ளோ மரியாத.”

ஒரு வார்த்தைதான் வேண்டும். என்னிடம் அது இருந்தது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அயனம்பாக்கம் போனேன். கொடுத்துவிட வேண்டும் என்றுதான் போனேன். அதை நீங்கள் நம்பவேண்டும்.

ஏரிக்கரையிலிருந்து உள்ளே நாலாவது தெரு, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. செல்வகுமார் வாசலுக்கே வந்து அழைத்துப்போனார். வனஜா கொஞ்சம் மெலிந்திருந்தார். மூலையில் பூப்போட்ட பழைய சேலைத் துண்டு போர்த்திய கம்ப்யூட்டர். எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். செல்வகுமார் எனக்குக் கலர் சோடா வாங்கிவரக் கடைக்குப் போனார். அவர் போனதும் வனஜா பேசினார்.

“உங்க புது பாடம் பாத்தேன் சார். தப்ப எண்ணினேன், பத்தொம்போது. அதே துணிக்கடை, அதே எடம். நான் முழிச்ச எடத்துல எல்லாம் நீங்க நின்னு நிதானமா கண்டுபுடிக்கிறீங்க.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சார். நீங்க இன்னா சொல்றீங்களோ அத நம்புறேன். அந்த பத்தொம்போதையும் நான் சரி பண்ணேனா, இல்லியா?”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டையை விளக்குக்கு அடியில் விரித்துப் பார்க்கிற பார்வை அதுதான் என்று நினைக்கிறேன். அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியாதா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பென் டிரைவ் என் சட்டைப்பையில் இருந்தது. அவர் கம்ப்யூட்டர் நாலடி தூரத்தில் இருந்தது. துணியை எடுத்துவிட்டுச் செருகினால் போதும். செருகினால் முதலில் அவர் சரிசெய்தது தெரியும், அடுத்த நொடியில் நான் செய்தது தெரியும். பதினோரு பேர் முன்னால் அலைந்த என் கர்சர் நினைவுக்கு வந்தது.

“இல்லை, வனஜா” என்றேன். “சில இடத்தில் கிட்டே வந்தீர்கள்.”

“கடைசில பக்கம் ஓடிச்சே சார்?”

“அது நான் சரிசெய்து போட்டுவைத்தது. நீங்கள் மறந்துவிட்டீர்கள்.”

நான் அவரிடம் பேசுவது எப்போதும் இப்படித்தான், பாடத்தில் பேசுவதுபோல. சரி சார் என்றார். முதல் தடவை கடிகாரத்தைப் பற்றிச் சொன்னபோது சொன்ன அதே சரி சார். எழுந்துபோய், கம்ப்யூட்டர் மேலே விலகியிருந்த துணியைச் சரியாக இழுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். செல்வகுமார் கலர் வாங்கிவந்தார். குடித்தேன். குளிர்ச்சியாக இருந்தது. நல்லா சொன்னீங்களா சார் என்று வாசலில் அவர் கேட்டார். சொல்லியிருக்கிறேன், பார்ப்போம் என்றேன்.

இதுதான் நடந்தது. வனஜாவுக்கு அந்தப் பத்தொன்பதும் வந்தது. அவர் சரிசெய்தார். நான் வெட்டினேன், பிறகு திருடினேன், பிறகு அவர் வீட்டிலேயே உட்கார்ந்து அவர் நினைவையும் பறித்தேன். வெட்கப்படுகிறேன் என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

மேலே உள்ளதை எழுதி முடித்து, இன்று காலை கம்பளியைத் தொங்கவிட்டு, முழுவதையும் வாசித்துப் பதிவு செய்தேன். நாற்பத்தோரு நிமிடம் வந்தது. திரும்பக் கேட்டபோது ரயில் மூன்று முறை போயிருந்தது. அதை எடுத்தேன். அயனம்பாக்கம் வீட்டில் நடந்தது அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயம், பொதுவில் போடுவது அவர்களுக்கு மரியாதையாக இருக்காது என்று தோன்றியது. எடுத்தேன். புதிய தொடரைப் பற்றிய பகுதி, அதை நம்பிப் படித்துக்கொண்டிருக்கிறவர்களைக் குழப்பும். பென் டிரைவும் ஐம்பது நிமிட வீடியோவும் எடிட்டிங் தெரியாதவர்களுக்குப் புரியாது. கடிகாரம் சின்ன விஷயம்.

இப்போது ஒன்பது நிமிடம் இருக்கிறது. என் தப்புகளை நான் வெட்டினேன் என்கிறேன். வனஜா என்று ஒருவர் என் வகுப்பில் இருந்தார், என்னைவிட நன்றாகச் சொல்லித்தருவார் என்கிறேன். வெட்கப்படுகிறேன் என்று சொல்கிறேன், அந்த இடத்தில் குரல் உடைகிறது. அத்தனையும் உண்மை, நான் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவில்லை. கேட்டால் வனஜாவுக்கே மனசு இளகும். பென் டிரைவ் இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

ஆரம்பத்தில், பழக்கதோஷத்தில், என் வழக்கமான வரியையும் சொல்லியிருக்கிறேன். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, ஒரே மூச்சில். அதை மட்டும் வெட்ட மனசு வரவில்லை.